பிரிந்தால் நிற்க வேண்டிய இடம்

ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் யோசனை கேட்டால் நான் சொல்வதெல்லாம் அம்மா சொன்னதுதான். நூல் துணி உடுத்து. வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார். வழியை ஒருத்தரோடு விடாமல் இரண்டு பேரிடம் கேள். போய் இறங்கியதும் முதல் வேலையாக, கூட்டத்தில் பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று பேசி வைத்துக்கொள். கடைசி யோசனைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். அதுதான் போன் இருக்கிறதே என்பார்கள்.

அம்மா சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கும் கொஞ்ச நாள்தான் அவளுக்கு லீவு. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனவர் அதற்குள் திரும்பியிருக்க மாட்டார். அதனால் நானும் அம்மாவும் மட்டும் எங்கேயாவது போய்விட்டு அன்றைக்கே வீடு திரும்புவோம். நான் ஐந்தாவது படித்த வருஷம் குற்றாலம் என்று முடிவாயிற்று. புளிச்சோறு கட்டியானதும், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாலையோடு இருக்கும் சித்தியின் போட்டோவுக்குத் திருநீறு வைத்துவிட்டுக் கிளம்பினாள். சித்தியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்க் கடைக்கு எதிரே ஒரு மின்கம்பம். அம்மா அங்கே நின்றுவிட்டாள்.

"பிரிஞ்சுட்டோம்னா இங்கன வந்து நில்லு. என்னையத் தேடி அலையாத. நானும் இங்கனதான் நிப்பேன். எங்க, சொல்லு?"

சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாள். கார்த்திகை மாதம், மாலை போட்ட சாமிமார் கூட்டம் நெரிந்தது. அத்தனை பேர் நடுவே நாலு தடவை ஒப்பிக்க வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அருவியிலும் என் கையை விட்டாளில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் ஆட்டம் போட, நான் மட்டும் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நனைந்தேன்.

திரும்பும்போது வேண்டுமென்றே கையை உருவிக்கொண்டு ஓடி, ஒரு சிப்ஸ் கடைக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா பதறிப்போய் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓட வேண்டும். நான் பின்னால் போய்ச் சேலையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

அம்மா கத்தவில்லை. நேரே மின்கம்பத்தடிக்கு வந்து ஈரச் சேலையோடு நின்றாள். வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். எண்ணெய்க் கடைக்காரர் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அரை மணி நேரம் இருக்கும். ஓர் எட்டுகூட நகரவில்லை. என்னைத் தேட இவளுக்கு மனசில்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் குளிரும் பசியும் தாங்காமல் நானாகவே போய் நின்றேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அவள் என் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். முடியைக் கோதிக் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"வந்துட்டியா தாயி" என்றாள்.

"ஏன் என்னையத் தேடல?"

"நான் அங்கிட்டுப் போன நேரம் நீ வந்து நின்னா?"

ரயிலில் அவள் புளிச்சோற்றைத் தொடவில்லை. சிவகாசி வரும்வரை என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். தண்டனை என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காலேஜ் முடித்த வருஷம் ஆமத்தூரில் ஒரு கல்யாணத்தில், அம்மாவோடு வேலை பார்த்த ஓர் அக்கா சித்தியின் கதையைச் சொன்னாள். அம்மாவும் சித்தியும் ஒரே கம்பெனியில் வேறு வேறு ரூமில் வேலை பார்த்தவர்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் வெடிச்சத்தம் கேட்டால், யார் எந்தப் பக்கம் ஓடினாலும், கம்பெனி கேட்டுக்கு வெளியே தண்ணித்தொட்டிப் பக்கம் வந்து நிற்பது என்று பேசி வைத்திருந்தார்கள். ஒரு நாள் சித்தி இருந்த ரூம் வெடித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்போம், வான்னு எம்புட்டோ கூப்பிட்டோம். 'நான் அங்கிட்டுப் போன நேரம் அவ வந்து நின்னா?'ன்னு கேட்டா. பொழுது சாயிற வரைக்கும் தண்ணித்தொட்டிய விட்டு நகரலயே உங்கம்மா."

குற்றாலத்தில் அந்த அரை மணி நேரமும் அம்மா மின்கம்பத்தடியில் நின்றாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.