அடுப்புக்கு மேலே தொங்கிய மூட்டைகள்

எனக்கு எழுபது வயதாகிறது. அன்று செய்ததை நினைத்தால் என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

கந்தோரில் கோப்புகளோடு இருந்த எழுத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்று, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டாவளைப் பக்கம் குடியேற்றக் காணிக்கு வந்த இரண்டாம் வருடம் அது. வீட்டில் அடைசல் குறைந்தால் சந்தோஷம் கூடும் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். மனைவி குளத்துக்குக் குளிக்கப் போனதும் குசினிக்குள் புகுந்தேன். அடுப்புக்கு மேலே கரி பிடித்த துணிமூட்டைகள் ஆறேழு தொங்கின. அவற்றை அறுத்து, உடைந்த பெட்டிகளோடு முற்றத்தில் போட்டுக் கொளுத்தினேன்.

நெருப்பைக் கண்டு அவள் ஈரச் சேலையோடு ஓடிவந்தாள்.

"என்னத்தைக் கொளுத்திறியள்?"

"உன்ர கரிமூட்டையளைத்தான். இனித்தான் இது மனுசர் இருக்கிற வீடு."

"ஐயோ, அது மாரிக்கு நடுகிற விதையெல்லோ! பூச்சி பிடியாமல் புகையில கட்டினனான். படிச்ச மனுசன், ஒரு சொல்லுக் கேட்டிருக்கக் கூடாதோ?"

"விதையைக் குப்பை மாதிரி வைச்சது உன்ர பிழை!" என்று கத்தினேன். கத்தரி, மிளகாய், பயற்றங்காய் விதைகள் எல்லாம் நெருப்பில் வெடித்தன. மழைக்கு மூன்று கிழமையே இருந்தது. அந்த வருடக் கறி முழுவதும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான்.

அவள் வீடுவீடாய்ப் போய் விதை கேட்டாள். "அக்கா, உங்கட அவர் விதையை வறுத்துத் திண்டவரோ?" என்று அயல் பெண் சிரித்தாளாம். ஆனால் கைநிறையக் கொடுத்தாள். தோட்டம் தப்பியது.

இப்போது நான் அவளுடைய பொருள் எதையும் அவளைக் கேட்காமல் தொடுவதில்லை. அதன்பிறகு நான் கேட்காமல் எரித்தது ஒன்றே: என் அலுமாரியில் அடைத்திருந்த பழைய கந்தோர்க் கடிதங்கள். அந்த வீட்டில் ஒருவருக்கும் உதவாதவை அவைதான்.