ரோசம்மா அக்காவின் மொட்டை மரம்

சிரம்பான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் செல்வி போன் செய்தாள். "ரோசம்மா அக்கா தவறிட்டாங்க" என்றாள். மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மம்பாவில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொன்னால்தான் மனம் ஆறும்.

நாங்கள் வேலை பார்த்துக் குடியிருந்த தோட்டத்தை முதலாளிகள் வீடு கட்ட விற்றபோது நாங்கள் எல்லோரும் தட்டுமுட்டுச் சாமான்களோடு மம்பாவுக்கு லாரி ஏறினோம். அக்கா மட்டும் மாதா கோயில் வாசலில் நின்ற அங்சானா மரத்திலிருந்து தொடைப் பருமனில் ஒரு கிளையை வெட்டி ஏற்றினார். அவர் கல்யாணப் படம் எடுத்தது அந்த மரத்தடியில்தான். கணவரின் சவப்பெட்டியை இறக்கி வைத்ததும் அதே நிழலில்தான்.

"விறகுக்கா அக்கா?" என்று கேலி செய்தேன்.

"புது வீட்டுக்குத் துணைக்கு ஆள் வேணாமா?" என்றார்.

தெருமுனையில் அவர் நட்ட கட்டையில் நாங்கள் துணிக்கொடி கட்டினோம். அவர் கோபிக்கவில்லை. "கட்டுங்க, இறுக்கிக் கட்டாதீங்க லா. அதுவும் பருக்கணும்ல" என்றார். தினமும் தண்ணீர் ஊற்றினார். கட்டை துளிர்த்தது, சில வருஷங்களில் மாடி உயரத்துக்குக் குடை விரித்தது.

வறட்சி வந்தால் அந்த மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். ஒரு வருஷம் யாரோ பட்ட மரம் என்று புகார் செய்ய, நகராண்மைக் கழக ஆட்கள் ரம்பத்தோடு வந்துவிட்டார்கள். அக்கா நீலாய்க்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸை விட்டுவிட்டு, சீருடையோடு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெரிந்த மலாயில் கெஞ்சினார். அவர்களும் பொறுத்தார்கள். அடுத்த மாதம் மரம் தளதளவென்று துளிர்த்து மஞ்சளாகப் பூத்தது. அதே ஆட்கள் அந்த நிழலில் லாரியை நிறுத்தி நாசி லெமாக் சாப்பிட்டார்கள். அக்காதான் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அதிலிருந்து வறட்சிக்கு வறட்சி வீடு வீடாகப் போய், "மரம் சாகல, இலை மாத்துது. யாரும் போன் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். "வந்துட்டாங்கய்யா மரத்து வக்கீல்" என்று என் கணவர் சிரிப்பார்.

அக்காவை அடக்கம் செய்த அன்றும் மரம் மொட்டையாகத்தான் நின்றது. கடைசி வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மாள் அண்ணாந்து பார்த்து, "இது பட்டுப்போச்சு போல. யாருகிட்ட சொல்லணும்?" என்று என்னைக் கேட்டார். நான் அழுதுகொண்டே பெட்டிக்குப் பின்னால் நடந்துவிட்டேன்.

அக்கா என்னிடம் எதையும் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை. இந்த ஒரு வேலையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்தக் கடைசி வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினேன்.

"மரம் சாகலைங்க" என்றேன். "இலை மாத்துது."