நாளுக்கு ஐந்நூறு வெள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்கினேன். நியூசிலாந்தில் மருத்துவமனைத் தாதியாக இருக்கும் என் அக்கா, ஒன்பது வருடம் கழித்து மூன்று வார விடுப்பில் வருவதாகச் சொன்னாள். சின்ன வயதில்போல ஒரே அறையில் படுத்துக்கொண்டு பேச வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை. அவள் வருவதற்குள் புதுப்பிப்பு வேலை முடிய வேண்டும்.

கட்டுமான நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தங்கள் தயாரிப்பதுதான் என் வேலை. தாமதமானால் நாளுக்கு இவ்வளவு இழப்பீடு என்ற வரி எனக்கு மனப்பாடம். என் வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளரோடு போட்ட ஒப்பந்தத்திலும் எழுதினேன், நாளுக்கு ஐந்நூறு வெள்ளி என்று.

வேலை தொடங்கிய மூன்றாம் வாரம் குத்தகையாளர் போன் செய்தார்.

"மேடம், நீங்க கேட்ட டைல்ஸ் வர லேட்டாகும் லா. வேற கலர் ஸ்டாக் இருக்கு. அதப் போட்டா சொன்ன தேதிக்கு முடிச்சிடலாம்."

"கலர் மாத்த முடியாது. லேட்டானா நாளுக்கு ஐந்நூறு, ஞாபகம் இருக்கட்டும்," என்று போனை வைத்துவிட்டேன்.

அக்கா வந்து இறங்கியபோது வீட்டில் தரையே இல்லை. நான் வாடகைக்கு இருந்த ஆங் மோ கியோ அறையில் விருந்தாளி தங்க அனுமதியில்லை. தேக்கா பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினாள். நான் வேலை முடிந்து போய்ச் சேரும்போது, அவள் ஊர் நேரப்படி அவளுக்குக் கண் சொருகிவிடும். கிளம்பும் நாளன்று வீட்டைப் பார்க்க வந்தாள். டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே, அவளுக்கென்று நான் நினைத்திருந்த அறையில் நின்று, "காத்து நல்லா வருதுடி," என்றாள். அவள் போன நான்காம் நாள் வீடு தயார்.

கோபத்தில் வழக்கறிஞரான என் தோழியிடம் போனேன். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "எந்த நஷ்டத்த வச்சு இந்த ஐந்நூறப் போட்ட?" என்றாள்.

"பயப்படட்டும்னுதான்."

"அப்ப இது தண்டனை. கோர்ட்ல நிக்காது. வரக்கூடிய நஷ்டத்த நியாயமா கணக்குப் பண்ணிப் போட்டிருந்தா நின்னிருக்கும். உனக்கே தெரியுமே."

தெரியும்தான். அலுவலகத்தில் நானே பலருக்குச் சொன்னதுதான்.

ஹோட்டல் வாடகையை மட்டும் கேட்டேன். குத்தகையாளர் மறுபேச்சில்லாமல் தந்தார். எதற்கு ஹோட்டல் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"அக்கா வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவங்க ரூம மட்டுமாவது முதல்ல முடிச்சிருப்பேனே மேடம்."

அக்காவுக்கு அடுத்த விடுப்பு எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. ஆனால் இன்று யாரிடம் எந்த வேலையை ஒப்படைத்தாலும், தேதியைக் குறிப்பதற்கு முன், அந்தத் தேதி எனக்கு ஏன் வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.