முதல் ரீலிலேயே சாகிறவர்

வங்கிக் கொள்ளைப் படங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. வாசலில் நிற்கும் காவலாளி முதல் ரீலிலேயே செத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொள்ளைக்காரர்கள் எவ்வளவு பொல்லாதவர்கள் என்று நமக்கு எப்படித்தான் தெரிவதாம்? இந்த இலக்கணம் எனக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. எங்கள் அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலாளி.

நான் நாலாவது படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டினிக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போனார். "பேங்குக் கதைமே. நம்ம வேல எப்பிடின்னு நீயும் பாரு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

படத்தில் நாலு கொள்ளைக்காரர்கள். ஒருவனுக்கு நோயாளித் தங்கை, ஒருவனுக்குக் காதலி, ஆளுக்கொரு முன்கதை. காவலாளிக்கு ஒரு ஸ்டூலும் ஒரு கிளாஸ் டீயும்தான். அந்த டீயையும் முழுதாகக் குடிக்க விடவில்லை. முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் வந்தான், சுட்டான். காக்கிச் சட்டை மெதுவாக, ரொம்ப அழகாகச் சரிந்தது. தியேட்டரே விசிலடித்தது. நானும் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தேன். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளில் அந்த வித்தை தெரிந்தவள் நான் ஒருத்திதான், சும்மா இருப்பேனா?

அம்மா திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, அவுரு பேரு இன்னா?"

"எவுரு?"

"இப்ப சுட்டாங்களே, அவுரு."

"அவனுக்கெல்லாம் பேரு வெக்கமாட்டாங்கமே. படத்தப் பாரு."

சாவுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் எங்கள் பக்கம் வீட்டுக்குள் நுழைவார்கள். படம் விட்டு வந்ததும் அம்மா வாசல் தொட்டியில் மொண்டு, கட்டிய புடவையோடு ஊற்றிக்கொண்டாள். என் தலையிலும் ஊற்றினாள். விசிலடித்ததற்குத் தண்டனை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பா சிரித்துக்கொண்டே செம்புக்குக் கை நீட்டினார். அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"உங்க சாவுக்கு நீங்களே தல முழுவுவீங்களா?"

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வேல வேணாங்க. கச்சிராயபாளையத்துக்கே போயி கரும்பு வெட்டிப் பொழச்சிக்கலாம்."

"வெட்டிக்கினுதான இருந்தோம்? ஆலை நின்னா நம்ம அடுப்பும் நின்னுச்சே, மறந்துட்டியா?" பிறகு சமாதானம் சொல்வதாக நினைத்து, "துப்பாக்கில தோட்டாவே இல்லமே. எவனாச்சும் வந்தா நானு மொத ஆளா ஓடியாந்துருவேன், போதுமா?" என்றார்.

அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் வங்கிப் பக்கம் ஓடினேன். அப்பா வழக்கம்போல வாசலில் நின்றிருந்தார். எதிரே புங்கமரத்தடியில் அம்மா.

"இன்னாம்மா, களையெடுக்கப் போவலியா?"

"அப்பாவுக்குச் சோறு எடுத்தாந்தேன்."

அப்பா சாப்பிட்டுக் கொடுத்த தூக்குச்சட்டி மடியில் காய்ந்துகொண்டிருந்தது. கூலியை விட்டுவிட்டு இப்படிக் கடைத்தெரு வேடிக்கை பார்க்க அவளுக்குக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்கு நல்ல வெயில். தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு குடியானவர்கள் ஒவ்வொருவராக வங்கிக்கு வந்தார்கள். துண்டு கட்டிய ஆள் வாசலை நெருங்கும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்றாள். அவர் உள்ளே போனதும், அப்பா நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்தபிறகு உட்கார்ந்தாள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி எழுந்தாள்.

அந்த மரத்தடியில் எறும்பு ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்து, நான் உட்காரும் இடத்தை நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டேன்.