ஹார்ன் அடித்தேன், ராணுவம் டீ கொண்டு வந்தது

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு.

துபாய் கராமாவில் வசிக்கும் அடியேன், இன்று மதியம் தயிர் சாதம் சாப்பிட்டேன்!

(ஊறுகாயோடு. கண்ணில் நீர் வந்தது. காரத்தால் அல்ல.)

ஏனென்றால் நேற்று வரை நான் இருந்த இடம், துர்க்மெனிஸ்தான்.

அப்பா வேலை பார்க்கும் ஏ.சி. கடையில் அதிகம் விற்பவர்களுக்கு வருடா வருடம் குரூப் டூர் உண்டு. போன வருடம் சிங்கப்பூர். அப்பா ஜெயித்த வருடம் இது!

பரிசு என்றார்கள். மேப்பில் பார்த்தால் முக்கால்வாசி தரிசு.

"அங்க என்னங்க இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"பாலைவனம்தான்."

"அதுக்கு நான் இங்கயே இருந்துக்கறேனே!"

அம்மாவின் இடம் எனக்கு வந்தது.

ஸ்கூலில் பசங்க சும்மா விடுவார்களா? "அங்க அதிபர் அரண்மனையை போட்டோ எடுத்துட்டு வா மச்சி. இல்லேன்னா நீ டம்மி பீஸு!"

அந்த நாட்டில் நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போக முடியாது. கூடவே ஒரு கைடு இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் குல்ஷாத் அக்கா. நல்ல ஆங்கிலம், நல்ல சிரிப்பு. ஆனால் ஏர்போர்ட்டிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டு விதிகளைச் சொன்னார்.

அரண்மனையை எடுக்காதே. யூனிஃபார்மை எடுக்காதே. கூட்டத்தை விட்டு நகராதே.

"மீறினா ஜெயிலா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கு வேலை போயிடும்."

அந்த வேலையில்தான் தம்பியைப் படிக்க வைக்கிறாராம்.

ஊர் எப்படி இருந்தது என்றால், எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பளிங்கு. ஆளைத்தான் காணோம். சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும் தங்கச் சிலை ஒன்று இருக்கிறது. (எங்கள் வீட்டு டேபிள் ஃபேனே இப்போதெல்லாம் திரும்புவதில்லை.)

அந்தச் சிலையைப் பார்க்க எல்லோரும் இறங்கினார்கள். நான் தலைவலி என்று வேனிலேயே படுத்துக்கொண்டேன். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னல் வழியே அரண்மனை தெரிந்தது!

டிரைவர் வெளியே துணியும் கையுமாக வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். (அங்கே அழுக்கு வண்டிக்கு அபராதமாம். எங்கள் பில்டிங் பார்க்கிங்கே உள்ளே போயிருக்கும்.)

கேமராவை எடுத்தேன். அதற்குள் தாகம் எடுத்தது.

எதிரே ஒரு கண்ணாடிக் கேபின். உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே குரோசரி, அதாவது மளிகைக் கடை வாசலில் யாரும் காரை விட்டு இறங்க மாட்டோம். ஹார்ன் அடித்தால் ஆள் ஓடி வருவார். டீயோ பெப்சியோ கார் ஜன்னலுக்கே வந்துவிடும். நடக்கப் பழகும் முன்பே ஹார்ன் அடிக்கப் பழகியவன் நான்.

டிரைவர் சீட்டுக்குத் தாவினேன்.

பாம்! பாம்!

ஒரு விரலை வேறு உயர்த்திக் காட்டினேன். ஒரு பெப்சி.

கதவு திறந்தது. முதலில் பெரிய தொப்பி வந்தது. அப்புறம் பூட்ஸ். அப்புறம் துப்பாக்கி.

கடை இல்லை. காவல் கேபின்!

வீரர் நேரே என் ஜன்னலுக்கு வந்தார். (சர்வீஸ் என்னவோ நம்ம ஊர் சர்வீஸ்தான்.) என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். குல்ஷாத் அக்கா ஓடி வந்தார். முகம் அந்த ஊர்ப் பளிங்கு மாதிரி இருந்தது. வீரர் அக்காவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாரைக் கூப்பிட்டேன்னு கேக்கறார். உள்ளதைச் சொல்லு, ப்ளீஸ்," என்றார் அக்கா.

நான் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க ஊர்ல ஹார்ன் அடிச்சா டீ வரும்னு சொல்லுங்கக்கா!"

சொன்னார். வீரர் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"எல்லாக் கடையிலுமான்னு கேக்கறார்."

"எல்லாக் கடையிலும்!"

"மழை பெய்தாக்கூட வருவாங்களாமா?"

"மழையே பெய்யாதுன்னு சொல்லுங்க!"

வீரர் வாய்விட்டுச் சிரித்தார். போனைப் பையில் போட்டார். கேபினுக்குள் போய், ஒரு கிண்ணத்தில் பச்சைத் தேநீர் கொண்டு வந்து என் ஜன்னலில் நீட்டினார்.

ராணுவமே டீ சப்ளை! கராமாவில் வேறு எவனுக்காவது நடந்திருக்கிறதா?

...

ஒரு நிமிஷம்.

கம்ப்யூட்டர் ஹாலில் இருப்பதால், அப்பா பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.

"டேய், அழுததை எழுதலியே?"

சரி. சில திருத்தங்கள்.

அரண்மனை வாசலில் நான் அரண்ட மனமாக இருந்தேன். என் வாயிலிருந்து வந்தது "அப்பா!" மட்டும்தான். அதைக் கேட்டு ஓடி வந்து, ஹார்ன் விளக்கத்தைச் சொன்னது அப்பா. மழை ஜோக்கும் அப்பாவுடையதே.

அந்த டீ, என் அழுகையை நிறுத்துவதற்காக வந்தது. இரண்டு கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அப்பாதான் புகட்டினார்.

போட்டோவா? ஒன்றுகூட எடுக்கவில்லை. (ஆமாம்டா, டம்மி பீஸுதான்.)

அக்காவுக்கு வேலை போகவில்லை. ஏர்போர்ட்டில் "ஸாரிக்கா" என்றேன். "பாம் பாம்" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார். அன்று அவரும் பயந்தது எனக்குத் தெரியும். நான் மட்டும் பயப்படவில்லை என்பது போல எழுதிவிட்டேன்.

இன்று சாயங்காலம் அப்பா காரை எங்கள் பில்டிங் குரோசரி முன்னால் நிறுத்தி, "அடிடா ஹார்னை!" என்றார்.

நான் இறங்கி, நடந்து, கடைக்குள்ளே போய் டீ கேட்டேன்.

கடையின் மலையாளிச் சேட்டன் பதறிப்போய் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

"எந்தா மோனே, வண்டி கேடாயோ?"