உப்புக் காற்றில் ஓர் அந்தூரியம்

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என் வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி உம்மாவும் வாப்பாவும் எனக்காகக் கட்டித் தந்தது. மாப்பிள்ளையாக வந்தவர்கூட அங்கே எனக்குப் பிறகுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கல்யாணமான புதிதில், கல்முனைக் கடைத்தெருவில் மலைநாட்டு வியாபாரி ஒருவர் பூச்சட்டிகளை இறக்கி வைத்திருந்தார். ஒற்றைச் சிவப்புப் பூவோடு நின்ற அந்தூரியத்தைக் கண்டதும் என் கால் நகரவில்லை. வாங்கி வந்து முன் அறை ஜன்னலடியில் வைத்தேன்.

அன்று பின்னேரமே மதினி வந்தார். என் கணவரின் ராத்தா, அவருக்கு மூத்தவர்; வீட்டு வளவு நிறையப் பூமரம் வளர்ப்பவர். பூவைத் தொட்டுப் பார்த்தார்.

“இது உப்புக் காத்துக்கு நிக்காது புள்ள. நானும் வெச்சிப் பார்த்து உட்டுட்டன். என்ட கைக்கே நிக்கல்ல, ஒங்கட கைக்கா நிக்கப் போகுது?”

கடைசிப் பேச்சு சுருக்கென்று தைத்தது. இதை இன்னொரு தரம் பூக்க வைத்து இவருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

தொழுகைக்கு முன் கிணற்றுத் தண்ணீரில் கை, கால், முகம் கழுவி வுழூச் செய்யும்போது வழிகிற தண்ணீரைப் பேசினில் பிடித்து, பரக்கத்தும் அருளும் கிடைக்கட்டும் என்று அதையே ஊற்றி வந்தேன். கொஞ்ச நாளில் இலை ஓரங்கள் கருகின. பூவும் கறுத்து விழுந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, மதினியின் கண்தான். காய்ந்த செத்தல் மிளகாயால் பூச்சட்டியைச் சுற்றி எடுத்து அடுப்பில் போட்டேன். கண்ணூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். நானும் என் கணவரும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம். அப்படியும் மதினி மேலிருந்த சந்தேகத்தை நான் விடவில்லை. அவர் குரல் வாசல் படலையில் கேட்டாலே சட்டியைத் தூக்கிக் குசினி அடுப்படியில் ஒளித்துவிடுவேன்.

அப்படி ஒளித்த ஒரு நாள்தான் கண்டேன். கிணற்றுத் தண்ணீர் வாளியின் விளிம்பில் காய்ந்திருந்த அதே வெள்ளைப் படை, பக்கத்தில் வைத்த சட்டியின் மண்ணிலும் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. காற்றும் இல்லை, கண்ணும் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் சவர், உப்புக் கரித்தது.

குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், நற்பிட்டிமுனை வயல் பக்கத்துக் கிணற்றிலிருந்து என் கணவர் சைக்கிளில் கொண்டு வருவார். அதில் ஒரு கோப்பையை எடுத்துச் சட்டியில் ஊற்றினேன்.

“தேத்தண்ணிக்கே காணாது. பூக்கண்டுக்கும் நல்ல தண்ணியா?” என்றார்.

“ஓம். நான் ஒரு தேத்தண்ணி குறைச்சிக் குடிக்கன்.”

முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் சைக்கிளில் இரண்டாவது கேனும் தொங்கியது. மாரி மழை தொடங்கியதும் சட்டியை முற்றத்தில் வைத்து, மண்ணின் உப்பெல்லாம் போக நனையவிட்டேன். புது இலை வந்தது. அடியில் ஒரு பக்கக் கன்று வந்தது. பிறகு மொட்டு.

நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பத்தோடு வந்த மதினி வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலடியில் மூன்று பூக்கள், எண்ணெய் பூசியது போல் மினுங்கின. எனக்குப் புத்தாடை உடுத்த சந்தோசம்கூட அதற்குப் பிறகுதான்.

“புள்ள, எனக்கு இதில ஒரு கண்டு தாங்க.”

“உப்புக் காத்துக்கு நிக்காதே மதினி.”

சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினார். பக்கக் கன்றைப் பிரித்துக் கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதை மட்டும் உடனே சொல்லவில்லை.

“ஒங்கட கைக்கு நின்டுட்டுது புள்ள” என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சொன்னேன்.