காலுக்குப் பதிலாக இருந்த தோள்

பட்டாசு ஆலையில் பக்கத்து அறை வெடித்து, சுவர் என் முதுகில் சாய்ந்தது. அதோடு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. கைகள் இரண்டும் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து அச்சங்குளத்து வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்த அக்கா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "கை ரெண்டும் நல்லா இருக்கு. அது போதும்." நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாற்றுத்திறனாளிகள் முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி எனக்கு ரொம்ப அகலம். முழங்கையை விரித்து, தோளைத் தூக்கினால்தான் சக்கரம் எட்டும். எப்படித் தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சக்கரத்தின் உச்சியைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று குத்துவேன். தீப்பெட்டி ஒட்டும் வேலை தருகிறவர் வீட்டுக்கு எங்கள் தெரு மேட்டில் ஏறித்தான் போக வேண்டும். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஏறி முடித்ததும் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்ப்பேன். பெருமையாக இருக்கும். கட்டிலுக்கு மாறுவதும் அதே கைகளை ஊன்றித்தான். உட்கார்ந்த இடத்தில் புண் வராமலிருக்க, அவ்வப்போது உடம்பைத் தூக்கிப் பிடிப்பதும் அவற்றால்தான்.

வலி வலது தோளில் தொடங்கியது. முதலில் தலை வாரும்போது. பிறகு ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்கும்போது. பெட்டி ஒட்டுவதால் வந்ததென்று நினைத்து அக்கா தைலம் தேய்த்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் கட்டிலுக்கு மாறும்போது, தோளுக்குள் துணி கிழிவதுபோல் ஏதோ விட்டுப்போனது. கை மடங்கிவிட, தரையில் விழுந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். பட்டாசு சீசன் சமயம், தெருவே வேலைக்குப் போயிருந்தது. கம்பெனி வேனிலிருந்து அக்கா இறங்கி வரும்வரை என் மூத்திர ஈரத்திலேயே கிடந்தேன். பட்டாசு மருந்து படிந்து வெள்ளியாய் மினுங்கிய கைகளைக் கழுவிவிட்டு வந்து, என்னை அள்ளித் தூக்கினாள்.

விருதுநகரில் ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார். செய்தால் சில மாதங்களுக்கு அந்தக் கையை ஊன்றவே கூடாது.

"நான் வேலைக்குப் போயிருவேனே சார். பகல்ல இவளை யாரு தூக்குவா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டு நீட்டினார். "யோசிச்சுட்டு வாங்க," என்றார். நாங்கள் திரும்பப் போகவில்லை.

அன்று வெளியே வரும்போது, அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண் என்னை நிறுத்தினாள்.

"எங்க, இன்னொருவாட்டி தள்ளுங்க. பாத்தீகளா, சக்கரத்தைக் குத்துறீக. அம்புட்டும் தோள்லதான் விழுது. பின்னால பிடிச்சு, முன்னால வரைக்கும் நீளமாத் தள்ளுங்க. விட்டதும் கையைத் தொங்கவிடுங்க. அது கீழ கூடியே பின்னால வந்துரும். உடம்பையும் கையை ஊன்றித் தூக்காதீக. முன்னால குனிஞ்சு, பக்கத்துல சாஞ்சு கொடுத்தாப் போதும்."

வலியோடு மெதுவாகச் செய்து பார்த்தேன். வழுவழுப்பான தரையில் நாற்காலி சத்தமில்லாமல் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதை அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் அவள். பிறகு குனிந்து நாற்காலியைப் பார்த்து, பெரிய சக்கரம் ரொம்பப் பின்னால் இருக்கிறது, கொஞ்சம் முன்னால் இருந்தால் கை சுலபமாக எட்டும் என்றாள்.

சாத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சக்கரத்தை முன்னால் நகர்த்தி வாங்கினோம். தள்ளுவதற்குப் பூப்போல இருந்தது. ஆனால் பட்டறையில் எவ்வளவு நகர்த்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெரு மேட்டில் ஏறியபோது நாற்காலி அப்படியே பின்னால் கவிழ்ந்தது. ஓரத்துச் சாக்கடைச் சிமெண்டில் மண்டை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாளே அக்கா சக்கரத்தைப் பழைய இடத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தாள்.

"தோளு வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. நீ எனக்கு உசுரோட வேணும்," என்றாள்.

இப்போது சமதரையில் மட்டும், அந்தப் பெண் சொன்னபடி தள்ளுகிறேன். வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. மேட்டில் நான் தனியாக ஏறுவதில்லை. வேலை இல்லாத நாட்களில் அக்கா தள்ளிக்கொண்டு போவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாதி மேட்டில் சொன்னேன்: "அக்கா, இடது தோளும் வலிக்குது."

அவள் நின்றுவிட்டாள். நாற்காலி உருண்டுவிடாமல் இடுப்பால் முட்டுக்கொடுத்தபடி, "எம்புட்டு நாளா?" என்று கேட்டாள்.

"தீவாளிக்கு முன்னாலேருந்து."

முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு மறுபடி தள்ளத் தொடங்கினாள்.